ஊஞ்சலில் வைத்த உரல்

1

வருடம் எந்த நாழிகையில் பிறந்தாலும் சரி, எங்களுக்கு அது சனிக்கிழமையில்தான் பிறக்கும். மண்டபம் அன்றைக்குத்தான் கிடைக்கும். நோர்வேயின் வடக்கில், கடலோரத்தில், நான் இருக்கும் இந்தச் சிறிய ஊரில் சித்திரையிலும் பனி கொட்டிக்கிடக்கும். வருடப்பிறப்புக்குத் தலையில் வைத்து முழுகும் மருத்துநீர் ஒஸ்லோவிலிருந்து பிளாஸ்ரிக் போத்தலில் வந்து சேரும். அதைத் தலையில் ஒரு துளி தொட்டு வைத்துக்கொண்டு, சேலைக்கு மேலே பனிக்கால ஜக்கெற்றையும் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் பொங்கலுக்கு வரிசையில் நிற்போம். வெட்கம்கெட்ட வருடம், அது எங்களுக்காகக் காத்திருந்து பிறக்கிறது.

இந்த முறை மேடையில் ஒரு பிள்ளை பாடியது. இங்கே பிறந்த பிள்ளை, நல்ல குரல். "அடுத்ததாக, ஆசிரியர் பெயர் தெரியாத ஒரு நாட்டார் பாடல். தாயகத்தைப் பிரிந்த துயரைச் சொல்லும் பாடல்" என்று அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னதும் சனம் கைக்குட்டையைத் தேடத் தொடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒரு அண்ணர் பாட்டுத் தொடங்கமுன்னரே மூக்கை உறிஞ்சினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயர் தெரியாதாம்! அந்தப் பெயர் தெரியாதவள் அந்த நேரம் திருகோணமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான சல்லியில் தன் வீட்டுக் குசினியில் இடியப்பத்துக்கு மா அரித்துக்கொண்டிருப்பாள். அவள் என் மாமாவின் மகள். என் மச்சாள் மலர்.

2

மலர் பாட்டை எழுதுகிற ஆள் இல்லை. வாயால் போடுகிற ஆள். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் பொங்கல் என்று எதுவானாலும் அந்த இடத்திலேயே நாலு வரி கட்டிவிடுவாள். நிலாவெளி பஸ் நடத்துனர் மிச்சக்காசு தராமல் போனதற்கு ஒரு பாட்டு. அடுத்த நாளே அந்த மனுசன் தேடிவந்து காசைக் கொடுத்துவிட்டு, "அக்கா, அந்தப் பாட்டை மட்டும் விடுங்கோ" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஊர் சனசமூக நிலையம் ஒருமுறை அவளுடைய பாட்டுகளைச் சேர்த்து ஒரு கசெற்கூட வெளியிட்டது. திருகோணமலைக் கடைகளில் அது விற்றது.

நான் சொல்ல வந்த பாட்டு அந்தக் கசெற்றில் இல்லை. ஊரில் அது வெளியாகவே இல்லை. அது எனக்கு வந்தது.

வருடப்பிறப்புக்கு எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், ஊஞ்சல் கட்டுவார்கள். சின்னப் பலகை இல்லை. ஐந்தாறு பேர் இருக்கக்கூடிய நீளப் பலகை. நடுவில் பிள்ளைகள் குந்தியிருப்பார்கள். இரண்டு நுனியிலும் இரண்டு பேர் முகம் பார்த்து எழும்பி நின்று உதைக்க வேண்டும். நிற்கிறவர்கள் சும்மா ஆட ஏலாது. ஒருத்தி மற்றவளைப் பழித்து நாலு வரி பாடுவாள். அடுத்த நாலு வரிக்கான நேரம் மற்றவளுடையது. அந்த நேரத்துக்குள் திருப்பிப் பழிக்காவிட்டால் கீழே நிற்கிற சனம் "இறங்கு! இறங்கு!" என்று கத்தும். இறங்கித்தான் ஆகவேண்டும்.

மலர் ஒரு நுனி. நான் மறு நுனி. எங்கள் இரண்டு பேரையும் இறக்க ஊரில் ஆள் இருக்கவில்லை. அவள் என் மூக்கைப் பழிப்பாள், நான் அவள் நடையைப் பழிப்பேன். கீழே ஆண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் வாய் அந்தக் காலத்தில் அப்படி இருந்தது. இன்றைக்கு என்னைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

3

கலியாணமாகி நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் மலர் ஒரு கசெற் கொடுத்துவிட்டிருந்தாள். அப்போது எங்களுக்குள் அது வழக்கம். கடிதம் எழுதப் பஞ்சிப்படுகிறவர்கள் எல்லோரும் ரேப் ரெக்கோடரில் பேசி அனுப்புவார்கள். ஒரு பக்கம் முழுக்க ஊர்க் கதை. மறுபக்கத்தில் அந்தப் பாட்டு.

நண்டுக்குப் பயந்தவளே
நடுக்கடலைத் தாண்டினியோ
குண்டூசிக்கு அழுதவளே
குளிருக்குள்ளே போயினியோ

பாடிவிட்டு நிறுத்திவிடுகிறாள். நீளமான ஒரு மௌனம். தூரத்தில் கடல். ஒரு காகம். கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம். ரேப் பழுதாக்கும் என்று நினைத்தேன். பிறகு,

சோறு வடிக்கத் தெரியாதவள்
சீமைக்குப் போனாளாம்
ஆறு கடந்து கடல் கடந்து
ஆருக்குச் சமைக்கிறாளோ

திரும்பவும் அதே மௌனம். அதே கிறீச். பிறகு கடைசி நாலு வரி:

ஊஞ்சலிலே உன் பக்கம்
உரலொன்று வைச்சிருக்கு
பாஞ்சு பாஞ்சு ஆடுதடி
பதில் மட்டும் சொல்லேல்லை

அதன் பிறகும் மௌனம். ரேப் முடிகிறவரை.

வெளியே சூரியனே இல்லாத மாதம். இவர் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் கட்டிலில் இருந்து கேட்டேன். முதல் மௌனத்தில் அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். இரண்டாவதில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்தேன். பதில் சொல்லேல்லை என்றது கடிதம் போடாததற்கான மனவருத்தம் என்று நினைத்து, மூன்றாவதில் நானே குழறி அழுதேன். அன்றைக்கே இருந்து பக்கம் பக்கமாக ஒரு கடிதம் எழுதினேன். என்னை மன்னித்துக்கொள், உன்னை மறக்கவில்லை, உன் கண்ணீர் எனக்குத் தெரியும் என்றெல்லாம். அவள் அதற்குப் பதில் போடவில்லை. பாவம், துக்கத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

4

அந்தப் பாட்டு எப்படி ஊருக்குள் போனது என்பது சிறிய கதை. இவர் உயிரோடிருந்த காலத்தில் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழாச் சிறப்பிதழோடு கொடுக்க ஒரு சீடீ செய்தார்கள். "உம்மட மச்சாளின்ர பாட்டையும் போடுவமே" என்று கேட்டார். ஓம் என்றேன். சீடீயின் உறையில் பெயர் போட இடம் போதவில்லை என்றார்கள். அதிலிருந்து யாரோ இணையத்தில் ஏற்ற, அங்கிருந்து கண்டவர் நின்றவர் எல்லாம் பாடத் தொடங்கிவிட்டார்கள். மூலத்தைக் கேட்டவர்கள் கொஞ்சப் பேர். கேட்டவர்களும் ஒலிப்பதிவு தரமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

கிடைத்த எல்லாவற்றையும் நான் கேட்டிருக்கிறேன். வேறென்ன வேலை எனக்கு? இவர் போய்ச் சேர்ந்தபிறகு வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். அது உறுமும், நான் முணுமுணுப்பேன்.

லண்டனில் ஒருவர் பாடியிருக்கிறார். நல்ல சாரீரம், குறை சொல்லக்கூடாது. ஆனால் மௌனம் வருகிற இடமெல்லாம் வயலினை விட்டு இழு இழு என்று இழுக்கிறார். "குண்டூசிக்கு அழுதவளே" என்ற இடத்தில் அவரே விம்முகிறார். கனடாவில் ஒரு குழு அதை இன்னும் நிதானமாக்கி, பின்னால் மழைச் சத்தமும் இடியும் சேர்த்திருக்கிறது. எங்கள் பாட்டில் மழை எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பாரிசில் ஒரு பெடியன் மௌனங்களை அப்படியே வெட்டி எறிந்துவிட்டான். பாட்டு ஒரு நிமிடத்தில் முடிகிறது. அதற்கு ஆடுகிறார்கள்.

ஒரு பேராசிரியர் அரைமணி நேரம் விளக்கம் சொன்னார். அந்த உரல், இடம்பெயர்ந்தவரின் நெஞ்சில் ஏறியிருக்கும் பாரமாம். அடுப்படிகளை இழந்த ஒரு சமூகத்தின் வெறுமையாம். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

என்னைக் குழப்பியது எங்கள் ஊர்ப்பக்கத்துக் குறிஞ்சாக்கேணிப் பெடியன் ஒருவர்தான். ஆட்டோ ஓட்டுகிறவர். யாரோ ஆட்டோவுக்குள் இருந்து போனில் பிடித்த வீடியோ அது. வயலின் இல்லை, மழை இல்லை. கைப்பிடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, நல்ல துள்ளலாக, பின்னால் இருக்கும் மனைவியைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பாடுகிறார். "சோறு வடிக்கத் தெரியாதவள்" என்று பாடி நிறுத்தியதும், அந்தப் பெண்பிள்ளை சிரிப்பை அடக்க ஏலாமல், "வாயப் பொத்திட்டு ரோட்டப் பாருங்க! நேத்து மூணு தரம் சோறு போட்டுத் தின்டது ஆரு?" என்று கேட்கிறது.

நான் வீடியோவை நிறுத்தினேன். பின்னுக்குத் தள்ளித் திரும்பவும் பார்த்தேன். பாட்டு முதல்முறையாக நிறைந்திருந்தது. இழுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. அந்த மௌனத்தின் அளவுக்குச் சரியாக அந்தப் பிள்ளையின் வாய் பொருந்தியிருந்தது.

5

வருடப்பிறப்புச் சனிக்கிழமைக்கு அடுத்த நாள் மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். முகத்தைக் காட்டாமல் குசினிக் கூரையைக் காட்டிக்கொண்டு கதைத்தாள். அவள் எப்பவும் அப்படித்தான்.

"மச்சாள், ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. அந்தக் கசெற்றில பாட்டுப் பாடேக்க நீ அழுதனியோ?"

"ஆர் அழுதது? நான் ஏன் அழ?"

"நடுவில நடுவில நிப்பாட்டினாயெல்லோ."

கூரை ஆடியது. பிறகு போன் திரும்பி அவளுடைய ஒரு கண்ணும் பாதி மூக்கும் வந்தன.

"எடி விசரி! அது நீ பாடிற இடமெல்லோ!"

நான் போனை மேசையில் நிமிர்த்தி வைத்தேன்.

"ஊஞ்சலில நிண்டுதான் பாடினனான். இடுப்பில ரேப்பை வைச்சுக் கட்டிக்கொண்டு. நீ பதில் பாடி அனுப்புவாயெண்டு அளவா இடம் விட்டனான். உனக்கு அந்தக் கிறீச் சத்தம் கேக்கேல்லையே?"

"ரேப் பழுதெண்டெல்லோ நினைச்சன். அப்ப… அந்த உரல்?"

"பின்ன? மற்றப் பக்கம் ஆளில்லாட்டிப் பலகை சரியுமெல்லோ. எங்கட உரலைத் தூக்கி வைச்சுக் கயித்தால கட்டினது. அண்ணை ஏசினவர், மாவிடிக்க உரலில்லையெண்டு."

நான் சிரித்தேன். நெடுநாளைக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பேராசிரியரின் அரைமணி நேரத்தையும், லண்டன்காரரின் விம்மலையும் சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"நீ பதில் பாடி அனுப்புவாய், நான் இன்னும் நாலு கட்டி அனுப்புவன் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். நீ என்னடாவெண்டால் செத்தவீட்டுக்கு எழுதிற மாதிரி ஒரு கடிதம் போட்டாய். என்ர மச்சாள் மாறிப்போனாள் எண்டு நினைச்சன். எனக்கு அதுதான் கவலை. பாட்டுக்கு அழேல்லை, உன்ர கடிதத்துக்குத்தான் அழுதனான்."

நான் அழுதுகொண்டு கேட்டதால் அது அழுகைப் பாட்டாகிவிட்டது. அந்த அழுகையோடுதான் மற்றவர்களுக்கும் கொடுத்தேன். அவர்கள் வயலினைச் சேர்த்தார்கள்.

"சரி, இப்ப என்ன செய்யிற?" என்று கேட்டேன்.

"என்னைக் கேட்டால்? ஆரும் இன்னும் 'இறங்கு' எண்டு கத்தேல்லை. நான் ஊஞ்சலிலதான் நிக்கிறன். உன்ர பக்கத்தைப் பார்."

6

முதல் வேலையாகச் சங்கத்துச் செயலாளர் தம்பியைப் பிடித்தேன். பாட்டின் ஆசிரியர் உயிரோடிருக்கிறார், பெயரைத் திருத்துங்கள் என்றேன். மண்டபத்தில் பாடிய பாட்டுகளுக்கெல்லாம் இங்கே ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டுமாம். அவர் கணினியைத் திறந்தார்.

"அக்கா, பெயர் தெரியாதெண்டால் ஒரு கட்டத்தில புள்ளடி போட்டால் காணும். பெயர் தெரியுமெண்டால்தான் பிரச்சினை. குடும்பப்பெயர், பிறந்த திகதி, விலாசம், கையெழுத்து எல்லாம் கேக்கும்."

இந்த நாட்டில் ஆளில்லாமல் இருப்பது சுலபம், ஆளாக இருப்பதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு மச்சாளிடம் விபரம் கேட்டேன்.

"பாட்டுக்கும் ஐடென்டிற்றி காட்டோ? என்ர பேரை விடு. பதில் எங்கை?"

எல்லாவற்றையும் நிரப்பித்தான் விட்டேன். புள்ளடி போட விடவில்லை. அடுத்த வருடம் அறிவிப்பாளர் அவள் பெயரைச் சொல்லாவிட்டால் மேடையில் ஏறுவேன் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன்.

மகள் அபி துரொந்தைம் நகரத்தில் இருக்கிறாள். அவளுக்கு இந்தக் கதை முழுவதையும் குரல்பதிவில் சொல்லி அனுப்பினேன். நடுவில் என்னை அறியாமல் பாதி இந்த நாட்டு நொஸ்க் மொழியில் சொல்லியிருக்கிறேன். பெருவிரல் படம் ஒன்று வந்தது. பிறகு, "அம்மா, உரல் என்றால் மிக்ஸியா?" என்று கேட்டாள். ஓம், கல்லால் செய்த மிக்ஸி என்றேன். கோபம் வரவில்லை. நான் கல் மிக்ஸியைக் காட்டி வளர்க்கவில்லையே. ஆனால் போனை வைத்தபிறகு வீடு அளவுக்கு மீறி அமைதியாக இருந்தது.

7

பதில் கட்டுவதென்றால் லேசில்லை. வாய் துருப்பிடித்துவிட்டது. பழிக்கிறதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும், கீழே சிரிக்கிற சனம் வேண்டும். இங்கே எல்லோரோடும் நான் மரியாதையாகவே கதைத்துப் பழகிவிட்டேன். வாயில் வருவதெல்லாம் "நன்றி", "மன்னிக்கவும்", "இன்று நல்ல வெயில்" இவ்வளவுதான்.

நான் வேலை செய்வது ஒரு சிறுவர் பள்ளியில். முற்றத்தில் இரண்டு ஊஞ்சல் உண்டு. நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பேன். அவர்கள் "இன்னும் மேலே, இன்னும் மேலே" என்று கத்துவார்கள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் அதில் ஏறவில்லை.

அந்தக் கிழமை ஒரு பின்னேரம், கடைசிப் பிள்ளையும் போனபிறகு, ஏறினேன். சங்கிலி குளிரில் விரலைக் கடித்தது. இரண்டு உதை உதைத்ததும் கிறீச் என்றது. அவ்வளவுதான், வாய் தானாகத் திறந்தது. போனை ஜக்கெற் பையிலிருந்து எடுத்து அமத்திப் பிடித்துக்கொண்டு பாடினேன். இந்தக் கடலில் பிடிக்கிற நண்டு கால்விரித்தால் ஒரு ஆள் நீளம் வரும். அதை மச்சாள் கண்டிருக்கமாட்டாள்.

உங்க நண்டு உள்ளங்கை
இங்க நண்டு ஓராள் நீளம்
பங்கம் சொல்லும் மச்சாளே
பார்த்தால் நீ பறந்திடுவாய்

உரலுக்கும் ஒன்று வந்தது:

உரலோட ஆடினவள்
உயரத்தைக் காண்பாளோ
குரல் கேட்ட காகமெல்லாம்
குடிபெயர்ந்து போனதுவோ

பாடி முடித்துத் திரும்பினால், மகனின் கையுறையை விட்டுவிட்டுப் போன ஒரு தகப்பன் படலையடியில் நிற்கிறார். வெள்ளைக்காரர், நல்ல மனிதர். "அழகான பாட்டு. சோகமானதா?" என்று கேட்டார்.

"இல்லை, என் மச்சாளைத் திட்டுகிறேன்" என்றேன். அவர் கையுறையை எடுத்துக்கொண்டு விரைவாகப் போய்விட்டார்.

அனுப்பிச் சற்று நேரத்தில் மச்சாளிடமிருந்து வந்தது. முதலில் சிரிப்பு. பிறகு, "காகம் குடிபெயர்ந்ததோ! அடி கள்ளி, வாய் இருக்குதடி உனக்கு இன்னும்" என்றாள். அதோடு விடவில்லை.

"ஒண்டுக்கும் மூண்டுக்கும் வந்திட்டுது. ரெண்டாவதுக்கு எங்கை?"

8

இரண்டாவதுக்கு வரவில்லை. ஆருக்குச் சமைக்கிறாளோ.

அவள் அதைப் பாடியபோது அது பகிடி. புதுப்பெண்டாட்டி புருசனுக்கு என்னத்தைச் சமைத்துப் போடுகிறாளோ என்ற நக்கல். அந்த நேரம் நான் பாடியிருந்தால் இலேசாகப் பாடியிருப்பேன். ராசாவுக்குச் சமைக்கிறேன், உன் புருசன் கெஞ்சினாலும் கொடுக்கமாட்டேன் என்று விளாசியிருப்பேன். இப்போது ராசா இல்லை. அபி வருவது நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவில். வந்தாலும் சலாதுதான் சாப்பிடுகிறாள்.

மூன்று நாளாக ஏதேதோ கட்டிப் பார்த்தேன். சங்கம் முழுவதற்கும் சமைக்கிறேன் என்று ஒன்று. பொய். எனக்கே எனக்குச் சமைக்கிறேன், உனக்கென்ன என்று ஒன்று. அது பழிப்பு மாதிரித் தொடங்கி நடுவிலேயே குரல் கெட்டுப்போனது. நான் தனிமையில் இருக்கிறேன் என்று இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்றால் "நல்லா இருக்கிறன்" என்று சொல்லிச் சொல்லி அது மருத்துநீர் மாதிரி ஆகிவிட்டது. ஒரு துளி தொட்டு வைத்தால் போதும், ஒருவரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

ஆனால் ஊஞ்சலில் பொய் சொல்ல ஏலாது. முகம் பார்த்து நிற்கிறவளுக்குத் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை மத்தியானம் அரிசி போட்டேன். எப்படிப் போட்டாலும் ஒரு சுண்டு அளவு சோறு மிஞ்சும். இரண்டு பேருக்குப் போட்ட கை இன்னும் குறையவில்லை. சோற்றை இறக்கி வடிக்கும்போது, சாப்பாட்டுக் கோப்பையைக்கூட எடுத்து வைக்காமல், ஆவி முகத்தில் அடிக்க அடிக்க அப்படியே பாடினேன். நல்ல குரல் இல்லை. இரண்டாம் முறை பாடிப் பார்க்கவும் இல்லை. அனுப்பிவிட்டேன்.

சோறு வடிச்சு வைச்சிருக்கு
சுண்டுச் சோறு மிச்சமடி
ஆறிப் போக முன்னாலே
ஆளாய் வந்து தின்னனடி

அனுப்பியதும் பயம் பிடித்தது. இது பழிப்பே இல்லை. ஒழுங்கை விதிப்படி இதற்கு "இறங்கு" என்றுதான் சொல்ல வேண்டும். அவள் பாவம் பார்த்து, ஐயோ மச்சாள் என்று தொடங்கினால் அதோடு எல்லாம் முடிந்துவிடும். பிறகு நான் அவளுக்கும் ஒரு சோகப் பாட்டுத்தான். அழித்துவிடலாமா என்று போனைத் தூக்கினேன். அவள் கேட்டுவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது.

சோற்றுக்கு மூடியைப் போட்டுவிட்டு யன்னலடியில் நின்றேன். கீழே துறையில் ஒரு படகு மட்டும் கட்டிக்கிடந்தது. போன் சிணுங்கியது.

குரல்பதிவு. தொடக்கத்தில் பேச்சே இல்லை. கிறீச், கிறீச். கடல். பிள்ளைகள் கத்துகிற சத்தம். வருடப்பிறப்புக்குக் கட்டிய ஊஞ்சலை இன்னும் அவிழ்க்கவில்லைப் போல. நாலு வரிக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அந்தச் சத்தம் மட்டும் போனது. அவள் அழவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது, உதைக்கிறவளுக்கு வாங்குகிற மூச்சு.

பிறகு, அந்தப் பழைய நக்கல் குரலில், பாட்டாக இல்லாமல் சாதாரணமாகக் கேட்டாள்:

"வெறுஞ்சோறோ? என்ன கறியடி?"

நான் போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன்.